மின்சாரம் நோவைத் தணிக்குமா?

நம் பங்கில் நாற்பது ஆண்டுகள் உபதேசியாராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலியின் காரணமாக முழந்தாளிட இயலாமல், கடைசி வரிசைப் பலகையில் அமர்ந்தபடியே திருப்பலி காண்பவர். சென்ற தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், கைத்தடியை ஊன்றாமல் வெறுமனே கையில் பிடித்தபடி நடந்துவந்து நம்முன் நின்றார். வேட்டி மடிப்பில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று செருகப்பட்டிருந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் முழங்காலுக்கு இறங்கின.

"மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்தான், சாமி. முடுக்கிவிட்டால் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. அவ்வளவுதான், வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இனிமேல் மாத்திரையை நிறுத்திவிடலாமா? காலை நீட்டி மடக்கும் பயிற்சி ஒன்றை டாக்டர் சொல்லிக்கொடுத்தாரே, அதையும் விட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோமேயன்றி, மின்னியல் பயின்றோமில்லை. மருத்துவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவது எளிது. அன்று அப்படித்தான் அனுப்பினோம். ஆனால் அதே கேள்வி அடுத்தடுத்த மாதங்களில் இடுப்புவலிக்காரர் ஒருவரிடமிருந்தும், ஒற்றைத் தலைவலியால் வாடும் கல்லூரி மாணவி ஒருத்தியிடமிருந்தும், இன்னும் சிலரிடமிருந்தும் நம் அறைவீட்டுப் படியேறி வந்தது. எனவே மருத்துவ நண்பர்களைக் கேட்டும், அவர்கள் தந்த ஏடுகளைப் புரட்டியும் நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். வாசகர் இல்லங்களில் வலியோடு வாழும் பெரியவர் ஒருவரேனும் இல்லாத இல்லம் எது?

இடித்த இடத்தைத் தேய்ப்பது ஏன்?

இக்கருவிக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர் 'டென்ஸ்' என்பது. தோலின் வழியாக மின்சாரத்தால் நரம்பைத் தூண்டுவது என்று அதன் விரிவுக்குப் பொருள். நம் ஊர்ப் பிசியோதெரபி நிலையங்களில் "கரண்டு வைத்தார்கள்" என்று மக்கள் கூறுகிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே மேசைமேல் இருந்த பெட்டி சுருங்கிச் சுருங்கி இன்று இடுப்பில் செருகவும், கெண்டைக்காலில் பட்டையாகக் கட்டவும், நெற்றியில் பொட்டுப்போல ஒட்டவும் தக்கதாகிவிட்டது.

மின்சாரம் எப்படி வலியைக் குறைக்கும் என்பதை அறிய, கோவில் பலகையில் காலை இடித்துக்கொண்ட சிறுவனைப் பாருங்கள். அவன் உடனே குனிந்து இடித்த இடத்தைத் தேய்க்கிறான். எந்தத் தாயும் அதை அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தேய்த்தால் வலி குறைகிறது என்பது உடலுக்கே தெரிந்திருக்கிறது.

நம் உடலின் உணர்வு நரம்பிழைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் இழைகள் பருத்தவை, கொழுப்புறை போர்த்தவை, வினாடிக்கு 35 மீட்டருக்கு மேலான விரைவில் செய்தியை ஏந்திச் செல்பவை. மந்தமான, விண்ணென்று தெறிக்கும் வலியைச் சுமக்கும் இழைகளோ மிக மெல்லியவை, உறையில்லாதவை, வினாடிக்கு 2 மீட்டர் செல்வதே அவற்றுக்கு அரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இன்னொரு வகை, சுருக்கென்ற முதல் வலியைக் கொண்டுபோகிறது. கால்விரலைக் கல்லில் மோதிக்கொண்டால் முதலில் சுருக்கென்றும், ஒரு கணம் கழித்து ஆழமாக வேறொரு வலியும் வருகிறதல்லவா? ஒரே அடிக்கு இரு தபால். ஒன்று விரைவு வண்டியிலும் மற்றது கட்டைவண்டியிலும் வருகிறது.

இத்தனை செய்திகளும் மூளையை அடையுமுன் முதுகுத்தண்டில் ஓரிடத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே ஒரு வாயில் இருப்பதுபோலவும், தொடுவுணர்வுச் செய்திகள் திரளாக வந்தால் அவ்வாயில் வலிச் செய்திகளுக்கு ஓரளவு சாத்தப்படுவதுபோலவும் கருதலாம் என்று 1965-ஆம் ஆண்டு இருவர் எழுதினர். ஒருவர் கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக். மற்றவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த பேட்ரிக் வால். 'சயன்ஸ்' என்னும் ஏட்டில் வெளிவந்த அக்கட்டுரை, வலியைப் பற்றிய மருத்துவச் சிந்தனையையே திருப்பிவிட்டது. அதன் நுணுக்கங்களில் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆயினும் வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேராக இழுத்த மணிக்கயிறு அன்று, வழியிலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்னும் மையக் கருத்து நிலைத்துவிட்டது.

கொள்கை இருந்தால் சோதனை வேண்டுமன்றோ? வாலும், பாஸ்டன் நகரத்து நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் சுவீட்டும் அதை முதலில் தம் உடலிலேயே செய்து பார்த்தனர். கண்ணுக்குக் கீழே கன்னத்தெலும்பில் வெளிவரும் நரம்பருகே ஊசியைச் செலுத்தி, அதன் வழி மின்னோட்டம் பாய்ச்சி, கன்னம் குறுகுறுக்க அமர்ந்திருந்தனர். பிறகே நோயாளரை நாடினர். நாள்பட்ட கடும் வலியுற்ற 8 பேருக்கு, வினாடிக்கு 100 துடிப்புகளாக மின்சாரம் அளித்தனர். குறுகுறுப்பு இருக்கும்வரை, முன்பு தொட்டாலே துடித்த இடத்தை அழுத்தினாலும் வலிக்கவில்லை. அவர்களில் நால்வருக்கு, 2 நிமிடத் தூண்டலுக்குப் பின் அரைமணி நேரத்துக்கு மேல் வலி தணிந்திருந்தது. இது 1967-இல் வெளியான செய்தி. பிறர் உடலில் செய்யப்போவதை முதலில் தம் கன்னத்தில் செய்து பார்த்த அவ்விருவரின் நேர்மையை நாம் மெச்சுகிறோம்.

மீனிலிருந்து பெட்டி வரை

மின்சாரத்துக்குப் பெயரே இல்லாத காலத்திலும் இம்மருத்துவம் இருந்தது என்பது வியப்பு. கிளாடியுஸ் பேரரசர் காலத்து உரோமை மருத்துவர் ஸ்கிரிபோனியுஸ் லார்குஸ், மின் திருக்கை மீனை மருந்தாக எழுதி வைத்திருக்கிறார். தீராத் தலைவலிக்கு, உயிருள்ள கரிய திருக்கையை வலிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கீல்வாதத்துக்கு, அலை நனைக்கும் கரையில் அம்மீனின்மேல் காலை ஊன்றி, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். லூக்கா நற்செய்தியில் பெயர் வரும் திபேரியு சீசரின் ஊழியராயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், கடற்கரையில் தற்செயலாக அம்மீனை மிதித்ததால் கீல்வாத வலி நீங்கப்பெற்றார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. நம் கடலோரப் பங்குகளின் மீனவ வாசகர்கள், வலையில் சிக்கிய மின் திருக்கையைத் தொட்டுக் கையை உதறிய அனுபவத்தை நினைவுகூர்வர். அதை மருந்தென்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள்!

18-ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தைச் சாடியில் சேமிக்கக் கற்றபோது, திருப்பணியாளர்களே அவ்விளையாட்டில் முன்னின்றனர். பிரான்சு நாட்டு ஆபே நொல்லே, 1746-இல் பாரீஸ் நகரத்துக் கர்த்தூசிய மடத்தின் துறவியரைக் கம்பிகளால் வரிசையாகப் பிணைத்து, சாடியின் மின்சாரத்தை அவர்கள்மீது பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினராம். கர்த்தூசியர் பேசா நோன்பினர். அன்று அந்நோன்பு என்னாயிற்றோ! இங்கிலாந்தில் மெதடிஸ்து சபையின் நிறுவனர் ஜான் வெஸ்லி, ஏழைகளுக்கு மின்சார மருத்துவம் இலவசமாகக் கிடைக்க வழிசெய்ததோடு, அது குறித்து 1760-இல் நூலொன்றும் வெளியிட்டார்.

அதற்குப் பின் வந்தவர்களில் வணிகர் பலர். அமெரிக்காவில் 1919-இல் காப்புரிமை பெற்ற 'எலக்ட்ரீட்' என்ற கருவி, கைவிளக்குப் போன்ற உருவமும் நுனியில் ஓர் உருளையும் கொண்டது. வலியைத் தணிப்பதோடு நில்லாமல் பல நோய்களைப் போக்குவதாகவும் அது விளம்பரம் செய்யப்பட்டது. மின்சார மருத்துவத்தின் பெயர் கெட்டதற்கு இத்தகைய விளம்பரங்களே காரணம். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வாயில் கொள்கைக்குப் பின்னரே அறிவியல் முறையான கருவி பிறந்தது. கிளீவ்லாந்து நகரத்து நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, 1967-இல் புற்றுநோயால் இறக்கும் தறுவாயிலிருந்த ஒருவரின் முதுகுத்தண்டருகே மின்வாயைப் பதித்து வலியைத் தணித்தார். அத்தகைய அறுவைக்கு எவர் தக்கவர் என்று முன்கூட்டி அறிய, தோலின்மேல் மின்சாரம் வைத்துச் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. சோதனைக்கென வைத்ததே சிலருக்குப் போதுமானதாயிருந்தது; கத்தி தேவைப்படவில்லை. உடலில் அணிந்துகொள்ளத்தக்க முதல் தற்காலக் கருவிக்கு, மினியாபொலிஸ் நகரத்து மெட்ரானிக் நிறுவனத்தின் பொறியாளர் டொனால்டு மௌரர் 1974-இல் காப்புரிமை பெற்றார். 1957-இல் பேட்டரியால் இயங்கும், அணியத்தக்க பேஸ்மேக்கரை உலகுக்களித்த நிறுவனமும் அதுவே. ஒரே பட்டறையில் பிறந்த இவ்விரு கருவிகளும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. அதைக் கீழே சொல்லுவோம்.

கருவியின் அமைப்பு எளிது. பேட்டரி, துடிப்பை உண்டாக்கும் சுற்று, பசைத்தன்மையுள்ள இரண்டு அல்லது நான்கு ஒட்டுப்பட்டைகள். வலிக்கும் இடத்தின் இருபுறமும் பட்டைகளை ஒட்டி, குறுகுறுப்பு வலுவாக, ஆனால் துன்பமின்றித் தெரியும் அளவுக்கு முடுக்க வேண்டும். வழக்கமான முறையில் துடிப்பு வினாடிக்கு 50 முதல் 100 வரை இருக்கும். வினாடிக்கு 2 முதல் 4 வரை மெதுவாக, ஆனால் தசை வெட்டியிழுக்கும் அளவு வலுவாகத் தரும் முறையும் உண்டு. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தில், மூளையிலேயே அபினையொத்த பொருள்கள் சுரப்பதைக் கண்டறிந்தனர். டென்ஸ் கருவியின் துடிப்பு அத்தகைய இயற்கைச் சுரப்புகளையும் தூண்டுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே வாயிலைச் சாத்துவதோடு, உள்ளிருந்தே மருந்தை வரவழைப்பதாகவும் அது செயற்படுகிறது.

இங்கே ஒரு சுவையான செய்தி. 1995-இல் கனடாவில் செய்த சிறு சோதனை ஒன்றில், 200 மில்லிகிராம் காஃபின் உட்கொண்டவர்களுக்கு இக்கருவியின் பயன் குறைந்துபோனது. காஃபின் என்பது வேறொன்றுமன்று. நம் காலைக் காப்பியில் இருப்பதுதான். இரண்டு குவளை நல்ல காப்பியில் அவ்வளவு காஃபின் இருக்கும். டிகிரி காப்பிக்குப் பேர்போன சோழநாட்டு வாசகர்கள் நம்மீது சினங்கொள்ள வேண்டா.

உண்மையிலேயே பயன் உண்டா?

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை இல்லை.

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரிச்சர்டு டேயோவும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை வெளியிட்டனர். நாள்பட்ட இடுப்புவலியுள்ள 145 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு உண்மைக் கருவியும் சிலருக்குப் பொய்க் கருவியும் தந்தனர். பொய்க் கருவியில் விளக்கு எரியும், மின்சாரம் வராது. ஒரு மாதம் கழித்து உண்மைக் கருவியினருக்கு 47 விழுக்காடும், பொய்க் கருவியினருக்கு 42 விழுக்காடும் வலி குறைந்திருந்தது. இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. அதாவது, நலம் பெறுவோம் என்ற நம்பிக்கையும், நாள் செல்லச்செல்ல நோவு தானே தணிவதும் சேர்ந்து பெரும்பங்கைச் செய்திருந்தன. ஆனால் அதே சோதனையில் தசைகளை நீட்டும் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிடத் தெளிவாக நலமடைந்தனர். இன்னொன்றும் கேளுங்கள்: மேலும் இரண்டு மாதம் சென்றபின் பார்த்தால், பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிட்டிருந்தனர், பெற்ற நலமும் போயிருந்தது. நம் உபதேசியாரின் இரண்டாம் கேள்வியை நினைத்துக்கொண்டோம்.

அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்புறுதித் திட்டம், நாள்பட்ட இடுப்புவலிக்கு இக்கருவியின் செலவைத் தருவதில்லை என்று 2012-இல் முடிவு செய்தது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே விலக்கு. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2016-இல் இடுப்புவலிக்கும், 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் இதைத் தரவேண்டா என்று மருத்துவர்களுக்கு நெறி வகுத்தது. முழங்கால் தேய்மானத்துக்கு இது வேண்டா என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கல்லூரியும் 2019-இல் அழுத்தமாகக் கூறிவிட்டது. உடற்பயிற்சியையோ அதே அழுத்தத்துடன் வேண்டும் என்றது.

அப்படியானால் உபதேசியார் கைத்தடியை ஊன்றாமல் நடந்தது பொய்யா? பொய்யன்று. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று, 381 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 24,532 பேரையும் ஒருங்கே சேர்த்துப் பார்த்தது. கருவி இயங்கும்போதும், நிறுத்திய உடனேயும், பொய்க் கருவியைவிட உண்மைக் கருவி வலியைக் கூடுதலாகக் குறைக்கிறது என்றும், பெருந்தீங்கு எதுவும் காணப்படவில்லை என்றும் அது முடிவுகட்டியது. உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோயுற்ற 301 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான சோதனையிலும், 4 வாரம் கருவி அணிந்து நடமாடியவர்களுக்கு, நடக்கும்போது எழும் வலி மற்றவர்களைவிடக் குறைந்தது. அப்பெண்கள் படுத்துக்கொண்டு கருவியை வைக்கவில்லை. வேலை செய்யும் வேளையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அணிந்தனர். முந்தைய சோதனைகள் பலவற்றில் மின்சாரத்தை மிகக் குறைவாக வைத்ததும், வலியைத் தவறான வேளையில் அளந்ததும் உண்மைப் பயனை மறைத்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர்.

இருபக்கத்தையும் படித்தபின் நமக்குத் தோன்றுவது இதுவே. இக்கருவி மருந்தன்று, ஊன்றுகோல். கையில் இருக்கும்வரை உதவும். வைத்துவிட்டால் கால் பழைய கால்தான். தேய்ந்த மூட்டை அது வளர்ப்பதில்லை. நழுவிய தண்டுவட்டைத் தள்ளி வைப்பதில்லை. ஓயாமல் வைத்துக்கொண்டால் சில நாள்களில் உடல் பழகிப்போய்ப் பயன் தேய்வதும் உண்டு. ஆனால் வலிநிவாரண மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும் முதியவர்களைக் காணும் நமக்கு, ஒரு மணி நேர ஊன்றுகோலும் இகழத்தக்கதாகத் தோன்றவில்லை.

புதிதாக வந்துள்ள அணிகருவிகளைப் பற்றியும் ஒரு சொல். கெண்டைக்காலில் கட்டும் 'குவெல்' என்ற பட்டை, அமெரிக்காவில் 2015-இல் விற்பனைக்கு வந்தது. காலில் கட்டினால் உடலெங்கும் உள்ள நாள்பட்ட வலி நீங்கும் என்று நியூரோமெட்ரிக்ஸ் நிறுவனம் விளம்பரம் செய்தது. அதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டு வாணிப ஆணையம் குற்றஞ்சாட்ட, 2020-இல் அந்நிறுவனம் குறைந்தது 40 இலட்சம் டாலர் செலுத்தவும், அவ்விளம்பரத்தை நிறுத்தவும் உடன்பட்டது. ஈராண்டு கழித்து, அதே வகைப் பட்டைக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்ற ஒரே நோய்க்கு மட்டும், மருத்துவர் சீட்டின்பேரில் தர, அரசின் ஒப்புதல் கிடைத்தது. சொன்னது பெரிது, சான்று சிறிது. 1919-ஆம் ஆண்டு உருளைக் கருவியின் கதை மீண்டும் நடந்ததென்றே சொல்ல வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்கான கருவிகள் இதைவிடத் தேறியவை. பெல்ஜியம் நாட்டில் உருவான 'செஃபாலி' நெற்றியில் அணிவது. புருவத்துக்கு மேலோடும் நரம்பைத் தூண்டுவது. நாளொன்றுக்கு 20 நிமிடமாக மூன்று மாதம் அணிந்தவர்களுக்கு, மாதத்தில் ஏறத்தாழ 7 நாளாக இருந்த தலைவலி 5 நாளாகக் குறைந்தது. 67 பேரைக் கொண்ட சிறு சோதனை அது. அமெரிக்க அரசு 2014-இல் அக்கருவியை அனுமதித்தது. அதை வாங்கிப் பயன்படுத்திய 2,313 பேரைக் கேட்டபோது, 53 விழுக்காட்டினரே நிறைவு தெரிவித்தனர். மேற்கையில் கட்டும் 'நெரிவியோ' இஸ்ரேலில் உருவானது. தலைவலி தொடங்கியதும் 45 நிமிடம் அணிவது. தலை வலிக்கக் கையில் கட்டுவதா என்று நாமும் நகைத்தோம். உடலின் ஓரிடத்தில் எழும் வலுவான உணர்வு, மற்றோரிடத்து வலியை மூளைத்தண்டின் வழியாக அடக்கும் என்பது அதன் தத்துவம். 252 பேரைக் கொண்ட சோதனையில், உண்மைக் கருவியினரில் மூவரில் இருவருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது. பொய்க் கருவியினரில் ஐவரில் இருவருக்கே தணிந்தது. மேலே சொன்ன மாணவிக்கு இவ்விவரத்தைச் சொல்லி, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம், கடைக்கன்று.

யாருக்கு ஆகாது?

இனிக் கூறப்போவது, இக்கட்டுரையை நாம் எழுதத் துணிந்ததற்கே காரணமானது.

சென்ற ஆண்டுத் திருவிழாவின்போது, கோவிலுக்கு வெளியே கடைவரிசையில் ஒருவர் மேசை போட்டு, இடுப்பில் கட்டும் மின்பட்டைகள் விற்றார். "மருந்தில்லை, மாத்திரையில்லை, பக்கவிளைவு கிடையாது, எந்த வயதினரும் கட்டலாம்" என்பது அவர் முழக்கம். நம் பங்கைச் சேர்ந்த மருமகன் ஒருவர், முதுகுவலியால் தவிக்கும் மாமியாருக்கு அன்போடு ஒன்று வாங்கிச் சென்றார். அம்மூதாட்டியின் நெஞ்சில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். விற்றவர் கேட்கவில்லை, வாங்கியவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. வீட்டில் எவரும் அதைப் பிரிக்கவில்லை. விடுமுறைக்கு வந்த பேத்தி செவிலியர் படிப்பு மாணவி. பாட்டி பட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்த வேளையில் அவள் உள்ளே நுழைந்தாள். "பாட்டி, கையை எடுங்கள்! பொத்தானை அமுக்காதீர்கள்!" என்று அவள் போட்ட கூச்சல் பக்கத்துத் தெருவுக்கே கேட்டதாம்.

பேஸ்மேக்கர், இதயத்தின் மின்துடிப்பைக் காதுகொடுத்துக் கேட்டபடி இருப்பது. துடிப்பு தவறினால் தான் ஒரு துடிப்புத் தரும். வெளியிலிருந்து வரும் டென்ஸ் துடிப்பை இதயத்தின் துடிப்பென்று தவறாகக் கொண்டால், தர வேண்டிய துடிப்பைத் தராமல் நின்றுவிடக்கூடும். அதிர்ச்சி தந்து இதயத்தைத் திருத்தும் வகைக் கருவியாயிருந்தால், தேவையின்றி அதிர்ச்சி தந்துவிடவும் கூடும். ஆதலால் இதயத்தில் எக்கருவி பொருத்தியவரும், இதய மருத்துவர் நேரில் இசைந்தாலன்றி இதைத் தொடலாகாது.

கருவுற்ற தாய்மார் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக்கூடாது. வலிப்பு நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் வைக்கக்கூடாது. கழுத்தின் முன்பக்கம், கண், நெஞ்சின் குறுக்கே, புண்ணான தோல், புற்றுக்கட்டி உள்ள இடம், அண்மையில் இரத்தம் உறைந்த கால் ஆகியவற்றுக்கும் விலக்குண்டு. குளிக்கும்போதும், உறங்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிட வேண்டும்.

நீரிழிவு நோயாளர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் பங்கில் அவர்கள் தொகை பெரிது. பாதம் மரத்தவருக்குக் குறுகுறுப்பே தெரியாது. கருவி வேலை செய்யவில்லை என்றெண்ணி மேலும் மேலும் முடுக்குவார், தோல் புண்ணாகும், அப்புண்ணும் வலிக்காது. ஆறாத காற்புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பங்கு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காரணம் தெரியாத வலிக்கு இதை வைத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் கொடிது. நெஞ்சு அடைப்பது போன்ற வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீரென எழும் கடும் தலைவலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, சிறுநீரும் மலமும் அடங்காமல் போகும் இடுப்புவலி — இவற்றுக்குப் பட்டை ஒட்டிக்கொண்டு அரைமணி காத்திருப்பவர், அந்த அரைமணியை எங்கிருந்தும் திரும்பப் பெற முடியாது.

வலியைத் தணிப்பதே விசுவாசக் குறைவோ என்று நம்மிடம் கேட்பவர்களும் உண்டு. புற்றுநோய் முற்றிய கைம்பெண் ஒருவர், "பாடுகளை ஒப்புக்கொடுக்க வேண்டாமா, சாமி?" என்று சொல்லி மார்ஃபின் மாத்திரையை மறுத்துவந்தார். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் மருத்துவர்களிடையே ஆற்றிய உரையில், வலியை மறுப்பின்றித் தாங்கியே ஆகவேண்டும் என்ற கடமை கிறிஸ்தவருக்கு இல்லையென்றும், நோவு தணிக்கும் மருத்துவத்தை ஏற்பது தகும் என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறார். இதை அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னோம். அன்றிரவு அவர் மாத்திரையை ஏற்றுத் தூங்கினார் என்று மகள் மறுநாள் வந்து சொன்னாள். அத்தகைய வலிக்கு இம்மின்பெட்டி போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அங்கே மார்ஃபினைத் தள்ளிவிட்டுப் பட்டையைக் கட்டுவது கொடுமை.

உபதேசியாரை நாமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவருக்கு இதயக் கருவியும் இல்லை, நீரிழிவும் இல்லை. மருத்துவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் படுத்துக்கொண்டு வைக்காதீர்கள். இதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். இதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு நடங்கள். மாத்திரையைப் படிப்படியாக நான் குறைக்கிறேன், நீங்களாக நிறுத்த வேண்டா" என்றார். பயிற்சியை விடலாமா என்ற கேள்வியை உபதேசியார் அங்கே எழுப்பவேயில்லை.

திரும்பி வரும்போது, காப்பிச் செய்தியை அவரிடம் சொன்னோம். முகம் வாடும் என்று எதிர்பார்த்தோம். அவர் சற்றே யோசித்து, "காலைப் பூசைக்கு வரும்போது கருவி நன்றாக வேலை செய்யும், சாமி. நன்மை வாங்குமுன் நான் காப்பி குடிப்பதில்லையே" என்றார்.